விடியல் மெட்டை அளித்த விருந்தினர்: வால்ட்டர் காஃப்மன்

கல்வியைப் பற்றிப் பாடிய வள்ளுவப் பெருந்தகை, அதனோடு அமையாமல் கேள்விக்கென்றே ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். கண்ணால் கற்பது ஒருவகைச் செல்வமெனில், செவியால் கற்பது மற்றொரு வகைச் செல்வம். பின்னதை ஈட்டுவதற்குப் பொருள் வேண்டா. பொறுமை ஒன்றே போதும். அத்தகைய பொறுமையால் அயல்நாட்டு இசையொன்றைத் தன்னுடையதாக்கிக் கொண்டு, நம் நாட்டு மக்கள் கோடிக்கணக்கானோர் செவியில் நாள்தோறும் ஒலித்த ஒரு மெட்டையும் அளித்துச் சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆண்டாப் ஹில் குடியிருப்புகளிலும், மாதுங்கா, சயான், செம்பூர் பகுதிகளிலும் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறையினர் வானொலியை எவ்வாறு போற்றினர் என்பதை நாம் அறிவோம். பால் காய்வதற்கு முன்பே வானொலிப் பெட்டியைத் திருப்பி வைப்பது அந்நாளைய வழக்கம். நிலையம் உயிர் பெறுமுன் தம்புராவின் மீட்டல் மெல்ல எழும்; அதன்மேல் வயலின் இனத்தைச் சேர்ந்த கருவியின் நாதம் ஏறி இறங்கி மிதந்து வரும். சொல் இல்லை, தாளம் இல்லை, பாடுவார் பெயரும் இல்லை. ஆயினும் அகில இந்திய வானொலி விழித்துவிட்டது என்பதைக் காஷ்மீரத்து உழவரும் கன்னியாகுமரி மீனவரும் அதனால் அறிந்தனர். அம்மெட்டை அமைத்தவர் நம் நாட்டில் பிறந்தவர் அல்லர். நம் மொழி எதையும் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். உயிருக்கும் மானத்துக்கும் இடரான காலத்தில் ஐரோப்பாவினின்று பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கிய யூதக் குலத்து இளைஞர் அவர். வால்ட்டர் காஃப்மன் என்பது அவர் திருநாமம்.

இளமையும் கல்வியும்

காஃப்மன் 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பொஹீமியாவிலுள்ள கார்ல்ஸ்பாட் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் அது ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று கார்லோவி வாரி என்னும் பெயரோடு செக் நாட்டில் விளங்குகின்றது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நோய் தீர்க்க வருவோரும், ஓய்வுக்கு வரும் செல்வரும் கூடுமிடமாதலால் அங்கே மாலைதோறும் இசை முழங்கும். அச்சூழலில் வளர்ந்த பிள்ளை இசையையே வாழ்க்கையாகக் கொண்டதில் வியப்பில்லை.

உயர்கல்விக்காக அவர் பெர்லின் நகர் சென்றார். அங்கே இசையமைக்கும் கலையைப் பிரான்ஸ் ஷ்ரேக்கர் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். உலக மக்களின் இசைக்கருவிகளை ஆராய்ந்து வகைப்படுத்திய கூர்ட் சாக்ஸ் என்னும் பேரறிஞரிடம் இசை ஆராய்ச்சியைக் கற்றார். ஒரு நாட்டின் இசையே இசை, ஏனையவை வெறும் ஓசை என்று கருதும் குறுகிய நோக்கு இத்தகைய ஆசிரியரிடம் பயின்ற மாணவருக்கு எளிதில் வாராது. பின்னர்ப் பிராகா நகரின் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியையும் நிறைவேற்றினார்.

1933-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதர்களாகப் பிறந்த குற்றத்துக்காகவே இசைக்கலைஞர்கள் அரங்குகளினின்றும் கல்லூரிகளினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஷ்ரேக்கரும் சாக்ஸும் தம் பதவிகளை இழந்தனர். ஷ்ரேக்கர் அத்துயர் ஆறாமலே 1934-இல் காலமானார். இந்நிலையில் பிராகாவில் தமக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரே நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்பதைக் காஃப்மன் அறிந்தார். அவர் கையால் வரும் பட்டம் தமக்கு வேண்டா என்று மறுத்துவிட்டார். உழைத்து முடித்த ஆராய்ச்சி, கைக்கு எட்டிய பட்டம், அதனால் வரக்கூடிய பதவி ஆகிய யாவற்றையும் ஒரு நொடியில் உதறுவது எளிய செயலன்று. இருபத்தாறு வயதே நிரம்பிய இளைஞர் அதனைச் செய்தார்.

இந்தியா ஏன்?

ஐரோப்பாவைவிட்டு வெளியேறிய கலைஞர் பெரும்பாலோர் பாரிஸையும் லண்டனையும் அமெரிக்காவையும் நாடினர். காஃப்மன் பம்பாயைத் தேர்ந்தார். இந்நாட்டுக்கு வர அனுமதிச் சீட்டு எளிதில் கிடைத்தது என்பது ஒரு காரணம். ஆனால் அதனினும் ஆழமான காரணமொன்று உண்டு. அதுவே அவர் வாழ்வின் திறவுகோலும் ஆகும்.

ஐரோப்பாவில் இருந்தபோதே அவர் இந்திய இசைத்தட்டுகள் சிலவற்றைக் கேட்டார். அவை அவருக்குச் சற்றும் பிடிபடவில்லை; விந்தையாகவும் அந்நியமாகவும் ஒலித்தன. மற்றொருவராயின் அத்தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். காஃப்மனோ வேறு விதமாகச் சிந்தித்தார். அறிவும் உள்ளமும் படைத்த மனிதரே அவ்விசையை ஆக்கியுள்ளனர்; கோடிக்கணக்கான மக்கள் அதைக் கேட்டு உருகுகின்றனர்; அவ்வாறாயின் குறை இசையில் இராது, தம் செவியிலேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அக்குறையைத் தீர்க்க வேண்டுமானால் அவ்விசை பிறந்த மண்ணுக்கே சென்று கற்க வேண்டும் என்றும் துணிந்தார். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயை அடைந்தார். சிறிது காலம் தங்கிப் பயில வந்தவரைக் காலம் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நகரிலேயே நிறுத்தி வைத்தது.

பல்லியம் என்பது யாது?

அவர் தம்மோடு கொணர்ந்த கலை யாது என்பதை இவ்விடத்தில் சிறிது விளக்குதல் வேண்டும். மேனாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்று வழங்கும் பெருங்குழுவைப் பல்லியம் என்று தமிழில் கூறலாம். பல இயங்கள், அதாவது பல வாத்தியங்கள், கூடி ஒலிப்பது பல்லியம். முழு நிறைவான பல்லியத்தில் அறுபது முதல் நூறு கலைஞர் வரை அமர்ந்திருப்பர். அவர்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக் கண்டால் புதியவர்க்கும் மயக்கம் தோன்றாது.

முதற் குடும்பம் நரம்புக் கருவிகள். வயலின், அதனினும் சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட டபிள் பாஸ் ஆகியவை இதில் அடங்கும். மொத்தக் கலைஞரில் பாதிக்கு மேற்பட்டோர் இக்குடும்பத்தினரே. இரண்டாவது, மரத்துளைக் கருவிகள்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். இவற்றுள் ஓபோ நம் நாகஸ்வரத்துக்கு உறவு எனலாம். இரண்டுக்கும் நாணற் சீவாளியே உயிர். மூன்றாவது, பித்தளைக் கருவிகள்: ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. நான்காவது, கொட்டுக் கருவிகள். இவற்றுள் டிம்பனி என்னும் பெருமுரசு தலைமையானது.

கச்சேரி மேடையில் தம்புரா சுருதியை நிறுத்துகின்றது. நாகஸ்வரக் குழுவில் ஒத்து அப்பணியைச் செய்கின்றது. பல்லியத்தில் வாசிப்புத் தொடங்குமுன் ஓபோ ஒரே சுவரத்தை நீட்டி ஒலிக்க, ஏனைய யாவரும் அதற்கேற்பத் தம் கருவிகளைச் சேர்த்துக் கொள்வர். புதிதாகச் செல்வோர் இதனையே முதல் உருப்படி என்று எண்ணி மயங்குவதும் உண்டு!

நம் இசைக்கும் அவ்விசைக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றே. நம் கச்சேரியில் இன்னிசை ஒன்று. பாடகர் செல்லும் வழியை வயலின் நிழல்போல் தொடரும். பல்லியத்திலோ ஒரே நேரத்தில் வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு சுவரங்களை ஒலிக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்தி ஒரு நிறத்தைப் பிறப்பிக்கும். மஞ்சளும் நீலமும் கூடிப் பச்சை தோன்றுவது போன்றது இது. இச்சுவரக்கூட்டே ஹார்மனி எனப்படுவது. இத்தனை பேரும் தம் மனம் போனவாறு வாசித்தல் இயலாதாகையால் ஒவ்வொரு சுவரமும் முன்னரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். அவ்வேட்டை முழுமையாகக் கற்றறிந்து, கைக்கோலை அசைத்து யாவரையும் ஒருமுகமாக நடத்துபவரே நடத்துநர். மேடையில் உள்ள அனைவருள்ளும் ஒலி எழுப்பாதவர் அவர் ஒருவரே. ஆயினும் எழும் ஒலி முழுவதற்கும் பொறுப்பாளர் அவரே.

பல்லியத்துக்கென இயற்றப்படும் பெரிய உருப்படி சிம்பொனி. பெரும்பாலும் நான்கு பகுதிகளை உடையது: விறுவிறுப்பாகத் தொடங்கும் முதற் பகுதி, நிதானமான இரண்டாம் பகுதி, நடனச் சாயலுள்ள மூன்றாம் பகுதி, விரைந்து முடியும் நான்காம் பகுதி. ராகம், தானம், பல்லவி என்று நம் வித்துவான்கள் ஒரே ராகத்தை அங்கம் அங்கமாக விரிப்பதை அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் வியன்னாவில் முதன்முதல் அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் வரும் நான்கே சுவரங்களைக் கொண்ட சிறு சொற்கட்டு முதற்பகுதி முழுவதும் வேர்விட்டுக் கிளைத்துப் படர்வதைக் கவனித்துக் கேட்டால், ஒரு சிறு விதையினின்று ஆலமரம் தழைப்பதைக் காணும் இன்பம் உண்டாகும்.

வியாழக்கிழமை அரங்குகள்

பம்பாயில் வந்திறங்கிய காஃப்மனிடம் நூறு கலைஞர் இல்லை. ஆகவே அவர் சிறிதாகத் தொடங்கினார். மூவர் நால்வர் கூடி ஓர் அறையில் வாசிக்கும் இசைக்குச் சேம்பர் இசை என்று பெயர். இதில் நடத்துநர் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியே வாசிப்பர். நம் கச்சேரி மரபுக்கு மிக நெருங்கியது இவ்வகை. வந்த சில திங்களுக்குள்ளாகவே, 1934-இல், பம்பாய் சேம்பர் இசைச் சங்கத்தை அவர் நிறுவினார். வியாழக்கிழமைதோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் அச்சங்கத்தின் அரங்கு நடைபெற்றது. காஃப்மன் பியானோ வாசிக்க, எடிஜியோ வெர்கா என்னும் இத்தாலியர் செல்லோ வாசிக்க, வயலினைக் கையேந்தியவர் இந்நகரத்துப் பார்சி இளைஞர் மெஹ்லி மேத்தா. 1937-ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் 136 நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்திவிட்டனர். ஊதியத்தை எண்ணாது, கூட்டத்தை எண்ணாது, வாரந்தவறாமல் மூன்றாண்டுகள் ஒரு பணியைச் செய்தலின் அருமை, சங்கம் நடத்தி அறிந்தவர்க்கு நன்கு விளங்கும்.

மெஹ்லி மேத்தா 1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். ஐரோப்பியரும், பார்சிகளும், கோவா நாட்டுக் கிறிஸ்தவக் கலைஞரும் இந்நகரத்து மேனாட்டு இசை மேடைகளில் அருகருகே அமர்ந்து வாசித்தனர். அக்கோவா கலைஞர் பலர் பகலில் திரைப்பட நிலையங்களில் வாசித்துப் பொருளீட்டி, மாலையில் மொஸார்ட்டையும் பீத்தோவனையும் பயின்றவர்கள். மெஹ்லியின் இல்லத்தில் 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்த குழந்தை தொட்டிலிலேயே இவ்வொத்திகைகளைக் கேட்டு வளர்ந்தது. பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், இஸ்ரேல் ஆகிய இடங்களின் பேரிசைக் குழுக்களை நடத்திப் புவி முழுதும் புகழ் கொண்ட ஜூபின் மேத்தாவே அக்குழந்தை.

வானொலி மெட்டு

பம்பாயில் வானொலி நிலையம் 1927-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் தொடங்கியது. 1936-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவ்வமைப்பு அகில இந்திய வானொலி என்னும் பெயரைப் பெற்றது. காஃப்மன் அதன் பம்பாய் நிலையத்தில் மேனாட்டு இசைப் பிரிவின் தலைவராக 1946 வரை பணியாற்றினார். நிலையத்தின் அடையாள மெட்டு 1936-இல் அவரால் அமைக்கப்பட்டது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தாவே என்றும் கூறுவர்.

அம்மெட்டு சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் அமைந்தது. கரகரப்பிரியாவின் ஜன்யமாகிய அந்த ராகத்துக்கு ஐந்தே சுவரங்கள்: ஷட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். மத்தியமமும் நிஷாதமும் விலகி நிற்பதால் அதில் ஓர் ஏக்கம் தங்கிவிடுகின்றது. மேனாட்டு இசையமைப்பாளர் ஒருவர் தம் திறமையைக் காட்ட விரும்பியிருந்தால் அந்த ராகத்தின் கீழே சுவரக்கூட்டுகளை அடுக்கியிருக்கலாம். முரசுகளையும் எக்காளங்களையும் முழக்கியிருக்கலாம். காஃப்மன் அவ்வாறு செய்யவில்லை. தம்புராவைத் தம்புராவாகவே விட்டார். அதன்மேல் ஒரே இழையை ஓடவிட்டார்.

இதில் ஓர் இசை நுட்பம் அடங்கியுள்ளது. சுவரக்கூட்டு நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு சுவரமும் அசையாமல் நிற்க வேண்டும். நம் ராகத்தின் உயிரோ கமகத்தில் உள்ளது. அங்கே சுவரம் அசைந்தால்தான் ராகம் முகம் காட்டும். நிற்பதையும் அசைவதையும் ஒருங்கே வைத்தல் அரிது. ராகத்தைப் பல்லியத்துக்குக் கொண்டு செல்ல முயன்றவர் யாவரும் இச்சிக்கலைச் சந்தித்தனர். எதைச் சேர்க்கலாம் என்பதைக் காட்டிலும் எதைச் சேர்க்கலாகாது என்பதை அறிந்திருந்ததே காஃப்மனின் சிறப்பு. தம் செவியில்தான் குறை என்று ஒப்புக்கொண்டு வந்தவர் இரண்டே ஆண்டுகளில் எவ்வளவு கற்றிருந்தார் என்பதற்கு அம்மெட்டே சான்று.

இரு மரபுகளின் சந்திப்பு நம்மவர்க்குப் புதிதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் பாண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகள் இன்றும் கற்பவை அவையே. அவர் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் கற்றுக்கொண்ட வயலினே இன்று கர்நாடக மேடையின் நீங்காத் துணையாயிற்று. தீக்ஷிதர் அங்கிருந்து கொண்டார். காஃப்மன் இங்கிருந்து கொண்டார். கொண்டவர் இருவரும் தம் மரபை இழந்தாரல்லர்.

பம்பாயில் ஆக்கியவை

வார்டன் சாலைப் பகுதியில் குடியிருந்த காஃப்மன் ஓயாது உழைத்தார். வானொலிக்கென 1938-இல் அனசூயா என்னும் இசைநாடகத்தை அமைத்தார். பவ்னானி திரைப்பட நிறுவனத்துக்கும் இசை வழங்கினார். 1943-இல் ஆறு இந்தியச் சிற்றோவியங்கள் என்னும் தொகுப்பையும் இந்தியச் சிம்பொனியையும் பல்லியத்துக்காக இயற்றினார். நவரத்னம் என்பது பியானோவும் சிறு பல்லியமும் சேர்ந்து வாசிக்கும் மற்றோர் ஆக்கம்.

இவ்வாண்டுகளில் அவர் உள்ளம் அமைதியாக இருந்ததெனக் கருதலாகாது. 1939-ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகாவைக் கைக்கொண்டது. அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் உடன்பிறந்தாள் மகள். காஃப்காவின் சகோதரிகள் மூவரும் நாஜிக் கொடுமைக்கு இரையாயினர். கைக்கெட்டிய தூரத்தில் உள்ளவரையேனும் காக்க வேண்டும் என்று காஃப்மன் முயன்றார். அவர் நண்பரும் எழுத்தாளருமான வில்லி ஹாஸ் 1939-இல் உயிர் பிழைத்துப் பம்பாய் வந்து சேர்ந்தது அம்முயற்சியின் பயனே. ஹாஸுக்குப் பவ்னானி நிறுவனத்தில் திரைக்கதை எழுதும் வேலையும் கிடைத்தது. முன்னே வந்தவர் பின்னே வருபவருக்குத் தங்க இடமும் செய்யத் தொழிலும் தேடித் தருவது குடிபெயர்ந்தோர் அனைவர்க்கும் உரிய தருமம். தாதரில் வந்திறங்கிய ஊராரைத் தம் ஓரறைக் குடித்தனத்தில் வைத்துக் காத்த நம் மூத்தோருக்கு இது நன்கு தெரியும். 1947-க்குப் பின் நம் ஆண்டாப் ஹில்லை அடுத்த சயான் கோலிவாடாவில் நாடிழந்து வந்து குடியேறிய பஞ்சாபியருக்கும் தெரியும்.

மீண்டும் புலம்பெயர்தல்

போர் முடிந்த பின், 1946-இல் காஃப்மன் பம்பாயை நீங்கி இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு கானடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பியானோ ஆசிரியரானார். 1948-இல் வினிபெக் நகரத்தில் புதிதாகத் தோன்றிய சிம்பொனி இசைக்குழுவுக்கு முதல் நடத்துநராக அமர்ந்தார். மூவரைக் கொண்டு வியாழக்கிழமை அரங்கு நடத்தியவர்க்கு முழுப் பல்லியமும் கைவந்தது. பனி மூடிய அந்நாட்டில் சற்றேறக்குறைய பத்தாண்டுகள் இருந்து அக்குழுவை வளர்த்தார்.

இந்தியாவை விட்டாரேயன்றி இந்திய நினைவு அவரை விடவில்லை. அவர் பல்லியத்துக்கு எழுதிய உருப்படிகளுள் ஒன்றின் பெயர் மதராஸ் எக்ஸ்பிரஸ் என்பது. நம்மவர்க்கு அப்பெயரைக் கேட்டவுடன் உண்டாகும் உணர்ச்சியை விளக்கவும் வேண்டுமோ! கோடை விடுமுறையும், கூஜாவும், புளியோதரைப் பொட்டலமும், குண்டக்கல்லில் விடியும் பொழுதும் அப்பெயரில் அடங்கியுள்ளன. ஐரோப்பாவில் பிறந்த ஒருவர் கடல் கடந்து சென்ற பின்னும் அப்பெயரைத் தம் இசைக்குச் சூட்டினார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

1957-இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் இசையாராய்ச்சிப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. பட்டம் வேண்டா என்று ஒருநாள் எழுந்து சென்ற மாணவர் பிறருக்குப் பட்டம் வழிகாட்டும் ஆசானானார். கீழ்த்திசை நாடுகளின் இசைக்குறிமுறைகளைப் பற்றிய நூல் 1967-இலும், வட இந்திய ராகங்களைப் பற்றிய நூல் 1968-இலும் வெளிவந்தன. 1976-இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றிய பெருநூல் வெளியாயிற்று. எழுபத்திரண்டு மேளங்களையும் அவற்றின் ஜன்யங்களையும் ஆரோகண அவரோகணங்களோடு தொகுத்துரைக்கும் அந்நூல், ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர்க்கு நம் ராக உலகின் வாயிலைத் திறந்தது. இசைத்தட்டைக் கேட்டுப் புரியாமல் திகைத்த இளைஞர் அறுபத்தொன்பதாம் வயதில் அவ்விசைக்கே அகராதி தந்தார். 1984-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் புளூமிங்டன் நகரில் அவர் ஆவி பிரிந்தது.

அவர் மறைந்த பின் அவருடைய இசைப்படைப்புகள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. 2020-இல் கானடாவின் டொராண்டோ நகரத்துக் கலைஞர் அவருடைய சேம்பர் இசையைப் பதிவு செய்து வெளியிட்டனர். அண்மையில் பெர்லின் வானொலிச் சிம்பொனி இசைக்குழுவும் அவருடைய இந்தியச் சிம்பொனியைப் பதிவு செய்தது. அவர் பயின்ற நகரம், அவர் குலத்தாரை விரட்டிய நகரம், அவருடைய இசையைத் தன் அரங்கில் ஏற்றது. அக்காட்சியைக் காண அவர் இருந்திலர்.

நாம் கேட்பது எங்ஙனம்?

இவ்வரலாற்றைப் படித்த அன்பர்கள், பல்லிய இசையை நாமும் கேட்டுப் பார்ப்போமே என்று எண்ணக்கூடும். அவர்கட்குச் சில எளிய வழிகள் கூறுவோம்.

குழந்தைகளோடு தொடங்குவது நன்று. ருஷ்ய நாட்டு இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் 1936-இல் பீட்டரும் ஓநாயும் என்னும் இசைக்கதையை இயற்றினார். நம் வானொலி மெட்டுக்கும் அதே வயது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு கருவி: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், பாட்டனாருக்குப் பஸூன், ஓநாய்க்கு ஹார்ன்கள், சிறுவன் பீட்டருக்கு நரம்புக் கருவிகள். கதை முடிவதற்குள் குழந்தைகள் கருவிகளின் குரலை அறிந்துவிடுவர். அதன்பின் ஹைடன், மொஸார்ட் ஆகியோரின் சிறிய சிம்பொனிகளைக் கேட்கலாம். பீத்தோவனின் ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்த படி.

ஒரே உருப்படியைப் பலமுறை கேட்க வேண்டும். முதல் முறை முழுவதையும் ஆற்றைப்போல் ஓடவிடலாம். இரண்டாம் முறை வயலினை மட்டும் தொடரலாம். மூன்றாம் முறை கீழே உலவும் செல்லோவைத் தேடலாம். அப்போதுதான் பல குரல்கள் ஒருங்கே பேசும் அழகு புலனாகும். அரங்குக்கு நேரில் செல்வோர், ஒரு பகுதி முடிந்தவுடன் கைதட்டலாகாது. எல்லாப் பகுதிகளும் முடிந்த பின்னரே தட்டுவது அவையின் மரபு. தனி ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் தட்டிப் பழகிய நம் கைகளுக்கு இது சற்றுக் கடினமே!

இந்நகரில் நரிமன் முனையிலுள்ள தேசியக் கலை மையத்தில் 2006-இல் இந்தியச் சிம்பொனி இசைக்குழு தோன்றியது. அதன் கலைஞரில் பெரும்பாலோர் வெளிநாட்டினின்று வந்து வாசிப்பவரே. நம் பிள்ளைகள் பயின்று அவ்விருக்கைகளை நிரப்ப வேண்டும் என்னும் எண்ணத்தோடு இசைப் பயிற்சியும் அங்கே அளிக்கப்படுகின்றது. தமிழகத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் லண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதை நாமெல்லாம் பெருமையோடு அறிவோம். வழி திறந்திருக்கின்றது, நடப்பார்தாம் வேண்டும்.

நிறைவாக

குடிபெயர்ந்து வாழ்வோர்க்கு இருவகை அச்சம் இயல்பு. வந்த இடத்தின் கலையை ஏற்றால் தம் கலை மறந்துபோகுமோ என்பது ஒன்று; தம் கலையைப் பற்றிக்கொண்டால் வந்த இடத்தில் அந்நியராகவே நின்றுவிடுவோமோ என்பது மற்றொன்று. நம் இல்லங்களில் இவ்வழக்கு நாள்தோறும் நடைபெறுகின்றது. பாட்டுக் கற்பித்தால் பிள்ளை முகம் சுளிக்கிறான் என்று பெற்றோர் வருந்துகின்றனர். தாம் விரும்பும் இசையை வீட்டார் இரைச்சல் என்கின்றனர் என்று பிள்ளைகள் குறைகூறுகின்றனர். இரு சாராரும் மற்றவர் இசையிலேயே குறை காண்கின்றனர். குறை நம் செவியில் இருக்கலாமோ என்று ஒரு கணம் ஐயுற்றாலன்றி இவ்வழக்குத் தீராது.

காஃப்மன் இழந்தவை பல: பிறந்த ஊர், பெற வேண்டிய பட்டம், உற்றார் பலர். ஆனால் புதிய இசையைக் கற்பதால் பழைய இசையை அவர் இழக்கவில்லை. இரண்டையும் வைத்துக் கொண்டார். அவருடைய மெட்டு ஒலித்த காலமெல்லாம் அவருடைய பெயர் ஒலிக்கவில்லை. பெயர் தெரியாமலே ஒரு நாட்டை விழிக்கச் செய்த அப்பெரியாரின் பெயரையேனும் நம் சிறுவர்க்குச் சொல்லி வைப்போம். அம்மெட்டை அவர்கள் செவியில் ஒருமுறை ஒலிக்கச் செய்து, ஐந்து சுவரங்களையும் எண்ணிக் காட்டுவோம். கேட்கும் செவி வளர்க! இசையால் உறவு தழைக்க!